ஹிமாலயன் 450-ஆ, கேடிஎம் 390 அட்வெஞ்சரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் இருக்கிறேன். என்னிடம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக் இருக்கிறது. மச்சானிடம் 2025-இல் வந்த புது கேடிஎம் 390 அட்வெஞ்சர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரெண்டு பேரும் கிளம்புவோம், பாதி வழியில் சாவியை மாற்றிக்கொள்வோம். எந்த டீக்கடையில் நிறுத்தினாலும் ரெண்டு பேராவது வந்து நின்று ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் அதேதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ரெண்டுக்கும் கணக்கில் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஹிமாலயன் 450 வெளிவந்தது 2023 நவம்பரில். 452 சிசி, ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூல்டு (கூலன்ட் என்ற திரவத்தால் குளிரும்) இன்ஜின். 8000 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) 40 குதிரைத்திறன், 5500 ஆர்பிஎம்மில் 40 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. எடை 196 கிலோ, டேங்க் 17 லிட்டர், சீட் உயரம் 825 மில்லிமீட்டர், வேண்டுமானால் 845-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

390 அட்வெஞ்சர் 2025 ஜனவரி கடைசியில் வந்தது. 399 சிசி, அதுவும் ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூல்டு. 8500-இல் 46 குதிரைத்திறன், 6500-இல் 39 நியூட்டன் மீட்டர். எடை 183 கிலோ, டேங்க் 14.5 லிட்டர், சீட் 830 மில்லிமீட்டர்.

ரெண்டுக்கும் முன்னால் 21 அங்குலம், பின்னால் 17 அங்குலக் கம்பி வைத்த ஸ்போக் வீல். ரெண்டிலும் சஸ்பென்ஷன் 200 மில்லிமீட்டர் வரை அமுங்கி எழும், கேடிஎம்மில் பின்பக்கம் ஐந்து மில்லிமீட்டர் கூட. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே. கேட்லாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். ஓட்டினால் ஒன்று கிராமத்துப் பெரியப்பா, இன்னொன்று காலேஜ் முதல் வருடப் பையன்.

390 அட்வெஞ்சர் எக்ஸ் என்று இன்னொன்று விலை குறைவாக இருக்கிறதே?

அதில் முன்னால் 19 அங்குல அலாய் வீல். தார் ரோட்டுக்கு அருமையான வண்டி, வளைவுகளில் சட்டென்று திரும்பும். ஆனால் கல்லும் குழியுமான பாதையில் 21 அங்குல வீல் ஏறித் தாண்டும் இடத்தில் 19 அங்குலம் முட்டி நிற்கும். அலாய் வீல் பெரிய கல்லில் அடிபட்டால் விரிசல் விடலாம், ஸ்போக் வீல் வளைந்தாலும் அடித்து நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம். மண் பாதைக்குப் போகவே மாட்டேன் என்றால் எக்ஸ் போதும். இங்கே நான் பேசுவதெல்லாம் ஸ்போக் வீல் வைத்த 390 அட்வெஞ்சரைப் பற்றி.

ஆறு குதிரைத்திறன் கூட இருக்கும்போது கேடிஎம்தானே வேகம்?

வேகம்தான், சந்தேகமே இல்லை. பதின்மூன்று கிலோ எடை குறைவு, ஆறு குதிரை அதிகம், கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் குயிக் ஷிஃப்டர். சேலம் பைபாஸில் லாரியை முந்த வேண்டுமென்றால் கேடிஎம்மில் ஒரு கியர் இறக்கித் திருகினால் காரியம் முடிந்தது. ஹிமாலயனில் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஆனால் நாலு வழிச்சாலையில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பே 80 கிலோமீட்டர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்குமேல் உங்கள் இஷ்டம், உங்கள் அபராதம்.

டீக்கடைப் பேச்சில் குதிரைத்திறனை மட்டும் பேசுவோம், அது எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்பதை விட்டுவிடுவோம். ஹிமாலயனின் முழு டார்க் 5500-இல் வந்துவிடுகிறது, கேடிஎம்முக்கு இன்னும் ஆயிரம் ஏற வேண்டும். அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறும்போது, பின்னால் வீட்டம்மாவும் ரெண்டு பக்கமும் பையும் இருந்தால், இந்த ஆயிரம் என்னவென்று தெரியும். ஹிமாலயனை மூன்றாவது கியரில் போட்டு 3000 ஆர்பிஎம்மில் உருட்டினால் முணுமுணுத்துக்கொண்டே ஏறும். கேடிஎம்மை அதே மாதிரி சோம்பேறித்தனமாக ஓட்டினால் இன்ஜின் தடதடவென்று ஆட்டம் காட்டும், ரெண்டாவது கியருக்கு இறக்கிக் கத்தவிட்டால்தான் குஷியாகும். மச்சானுக்கு அந்தக் கத்தல் பிடிக்கும். எனக்கு நாற்பது வயதாகிறது.

மண் பாதைக்கு எது நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரு வார்த்தையில் முடியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

கீழ்பவானி வாய்க்கால் கரையோரம் ஒரு செம்மண் பாதை. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத காலம். ஒரு இடத்தில் வண்டல் மணல் முழங்கை ஆழத்துக்குச் சேர்ந்து கிடந்தது, மேலே காய்ந்த சருகு மூடியிருந்ததால் தெரியவில்லை. நான் ஹிமாலயனில் முன்னால் போனேன். முன் வீல் மணலில் புதைந்ததும் பயத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டேன். மணலில் செய்யவே கூடாத காரியம் அதுதான். ஆக்சிலரேட்டரை விட்டால் பாரமெல்லாம் முன் வீலுக்கு வரும், வீல் இன்னும் புதையும், ஹேண்டில்பார் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். வண்டி வலது பக்கம் சாய்ந்தது. அடி ஒன்றுமில்லை, மணல்தானே.

தூக்கத்தான் முடியவில்லை. அன்று காலைதான் டேங்க் நிரப்பியிருந்தேன். கம்பெனி சொல்லும் 196 கிலோ தொண்ணூறு விழுக்காடு பெட்ரோலுடன் எடுத்த கணக்கு. அதற்குமேல் கிராஷ் கார்டு, பின்னால் கட்டிய பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்தால் 210-ஐத் தாண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன், வண்டி எழாமல் மணலில் வட்டமடித்தது. மச்சான் வந்து பின்பக்கம் பிடித்த பிறகுதான் எழுந்தது.

அடுத்த வாரம் வேண்டுமென்றே அதே இடத்துக்குப் போனோம். இந்த முறை கேடிஎம்மை மெதுவாகப் படுக்க வைத்துவிட்டு மச்சானைத் தள்ளி நிற்கச் சொன்னேன். மூச்சு வாங்கியது, ஆனால் தனியாகவே தூக்கிவிட்டேன். பதின்மூன்று கிலோ என்பது ஒரு அரிசிச் சிப்பத்தில் பாதி. ஆனால் அந்தப் பாதிச் சிப்பம் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். ஹிமாலயனில் பெரிய டேங்க், எடை மேலே தூக்கலாக இருக்கிறது. நேராக நிற்கும்வரை தெரியாது, ஒரு கட்டத்துக்குமேல் சாய்ந்துவிட்டால் காலால் நிறுத்த முடியாது.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: டெஸ்ட் டிரைவ் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதைவிட முக்கியம், இந்த வண்டி வைத்திருக்கும் தெரிந்தவர் யாராவது சம்மதித்தால் புல்தரையில் வண்டியைப் படுக்க வைத்துத் தனியாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாத வண்டியை நீங்கள் மண் பாதைக்குத் தனியாக எடுத்துப்போகவே மாட்டீர்கள். நண்பர்கள் கூட வரும் நாளுக்காக அது ஷெட்டில் காத்துக்கிடக்கும்.

சரி, விழுந்த வண்டியை எப்படித் தூக்குவது?

முன்னால் நின்று குனிந்து இழுக்காதீர்கள், இடுப்பு போய்விடும். முதலில் இன்ஜினை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள், இல்லையென்றால் கஷ்டப்பட்டு நிமிர்த்திய வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து விழும். அந்த அவமானத்தையும் பட்டிருக்கிறேன். முதல் கியரில் போட்டுவைத்தால் உருளாது. ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்காருங்கள். ஒரு கையால் ஹேண்டில்பார், இன்னொரு கையால் பின்னால் உள்ள கிராப் ரெயில். பிறகு காலால் தள்ளிப் பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைத்து நடங்கள். வேலை தொடையுடையது, கைக்கும் முதுகுக்கும் அதில் பங்கில்லை.

என் உயரம் 5 அடி 5. கால் எட்டுமா?

ரெண்டிலுமே ரெண்டு பாதமும் முழுசாகத் தரையில் படாது. ஆனால் முன்பாதம் ஊன்றும். 825-க்கும் 830-க்கும் உள்ள ஐந்து மில்லிமீட்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சீட்டின் முன்பக்கம் எவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது, நீங்கள் உட்கார்ந்ததும் பின் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் காலை எட்டவைக்கும். அந்த வகையில் ஹிமாலயன் கொஞ்சம் இணக்கமானது, அதற்கு 805 மில்லிமீட்டர் தாழ்ந்த சீட்டும் கம்பெனியிலேயே கிடைக்கிறது. ஷோரூமுக்குச் செருப்போடு போகாதீர்கள். ஓட்டும்போது போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு பாதம் ஊன்றினால் போதும் என்று நெடுநாள் ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சரிவான இடத்தில், பள்ளத்துப் பக்கம் கால் வைக்க நேர்ந்தால் அந்த ஒரு பாதத்துக்கும் தரை கிடைக்காது. குட்டையாக இருப்பவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை ஐம்பது அடிக்கு முன்பே பார்த்துவைத்துவிடுகிறார்கள்.

கேடிஎம்மில் எலக்ட்ரானிக்ஸ் நிறைய. அதெல்லாம் தேவையா?

கேடிஎம்மில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் வீல் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது), வளைவில் சாய்ந்திருக்கும்போதும் கணக்குப் பார்த்து வேலை செய்யும் கார்னரிங் ஏ.பி.எஸ். (பிரேக் பிடித்தால் வீல் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), மழை, தெரு, மண் என்று மூன்று மோடு, குரூஸ் கண்ட்ரோல் எல்லாம் உண்டு. ஹிமாலயன் வந்தபோது எக்கோ, பெர்ஃபார்மன்ஸ் என ரெண்டு மோடு, பின் ஏ.பி.எஸ்.ஸை அணைக்கும் வசதி, கூகுள் மேப்பை அப்படியே காட்டும் வட்டத் திரை. அவ்வளவுதான்.

இதில் எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருப்பது கார்னரிங் ஏ.பி.எஸ். மேல்தான். மழை பெய்த மறுநாள் திம்பம் மலைப்பாதையில் இறங்கிப் பாருங்கள். இருபத்தேழு கொண்டை ஊசி, வளைவுக்கு வளைவு லாரி சிந்திய டீசல். சாய்ந்த நிலையில் பிரேக்கைத் தொடவே கை கூசும். அங்கே அந்தக் கருவி இருக்கிறது என்பதே ஒரு தைரியம்.

மண் பாதையில் கதை வேறு. பின் ஏ.பி.எஸ்.ஸை அணைத்தே ஆக வேண்டும். ஜல்லி இறக்கத்தில் அது வேலை செய்தால் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டால் பின் வீல் பூட்டிக்கொண்டு மண்ணைக் கிளறி நிற்கும். ரெண்டு வண்டியிலும் இந்த வசதி இருப்பதால் இதில் வெற்றி தோல்வி இல்லை.

சஸ்பென்ஷனில் எது மேல்?

கேடிஎம்மில் முன் ஃபோர்க்கையும் பின் ஷாக்கையும் திருகித் திருகி நமக்கேற்றபடி வைத்துக்கொள்ளலாம். ஹிமாலயனில் பின்னால் பாரத்துக்கேற்ப இறுக்கலாம், மற்றபடி கம்பெனி வைத்ததுதான். ஆனால் கம்பெனி நன்றாகவே வைத்திருக்கிறது. நம்மூர் வேகத்தடைகளையும் குழிகளையும் அது தாலாட்டிக்கொண்டு தாண்டும். மச்சான் முதல் மாதம் முழுக்க ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருந்தான். கடைசியில் கம்பெனி சொன்ன அளவுக்கே திருப்பி வைத்துவிட்டான். அறுபது கிலோ ஆளும் தொண்ணூறு கிலோ ஆளும் ஒரே வண்டியை மாற்றி ஓட்டுகிற வீட்டில் அந்தத் திருகிகள் நிஜமாகவே உதவும்.

டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா? இதற்கு இவ்வளவு சண்டை ஏன்?

பஞ்சர் ஆகாதவரை சண்டை புரியாது.

ஹிமாலயன் 450 முதலில் டியூப் வைத்த ஸ்போக் வீலோடுதான் வந்தது. டியூப்லெஸ் ஸ்போக் வீல் பிறகுதான் கிடைக்க ஆரம்பித்தது, அதற்குக் கூடுதல் காசு. என்னுடையது டியூப். தாமரைக்கரை தாண்டி ஒரு மத்தியானம் பின் டயரில் ஆணி. டியூப்லெஸ்ஸாக இருந்தால் ஆணியைப் பிடுங்கி, துளையில் பிசின் திரியைக் குத்தி, காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பேன். டியூப் என்றால் வீலைக் கழற்ற வேண்டும்.

கட்டையை முட்டுக்கொடுத்து வண்டியைச் சாய்த்தோம். ஆக்சிலைத் தளர்த்தி, செயினை இறக்கி, வீலை உருவியாயிற்று. ரிம்மை இறுகப் பிடித்திருந்த டயரைக் காலால் மிதித்தால் அசையவில்லை. மச்சான் தன் வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர்மேல் வைத்து வண்டியைச் சாய்த்தான், ‘பொத்’தென்று விட்டுக்கொடுத்தது. புது டியூபைப் போட்டு, லீவரால் டயரை உள்ளே தள்ளி, காற்றடித்தால் ஏறவே இல்லை. லீவர் முனையில் டியூபை நானே கடித்துவைத்திருந்தேன். புது டியூபுக்கும் பஞ்சர்.

மினிபஸ்ஸில் வீலோடு அந்தியூர் போய்ச் சேர்ந்தேன். பஞ்சர் கடைப் பெரியவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “டியூபை உள்ள விடறதுக்கு முன்னாடி துளி காத்து அடிச்சுக்கோணுங் தம்பி. உருண்டையா நின்னா லீவர் கடிக்காதுங்.” சொன்னதோடு, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, வால்வு இருக்கும் இடத்தில் வந்து முடிக்கச் சொன்னார். அன்றிலிருந்து அப்படித்தான் போடுகிறேன், இதுவரை கடிக்கவில்லை.

ஆகவே, எந்த வண்டி எடுத்தாலும் புக்கிங் போடும்முன் நீங்கள் எடுக்கும் மாடலில் டியூபா டியூப்லெஸ்ஸா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டியூப்லெஸ்ஸுக்குக் கூடக் காசு கேட்டால், சைலன்சரையும் ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு அதற்குக் கொடுங்கள்.

மண்ணில் போகும்போது காற்றைக் குறைக்கலாமா?

குறைக்கலாம். ரோட்டில் வைப்பதிலிருந்து ஆறு முதல் எட்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இறக்கினாலே பிடிமானம் மாறுவது தெரியும். டியூப் டயரில் அதற்குமேல் இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் சிக்கி, பாம்பு கடித்த மாதிரி ரெண்டு ஓட்டை விழும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள். கையில் அடக்கமான பேட்டரி பம்ப் ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது உத்தமம்.

தினமும் ஆபீஸ் போக?

முடியும், ஆனால் ரெண்டும் அதற்காகப் பிறந்தவை அல்ல. பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் நின்றால் ரெண்டின் ரேடியேட்டர் ஃபேனும் ஓட ஆரம்பித்துவிடும், சூடு முழங்காலுக்கு வரும். சந்து பொந்தில் நுழைய கேடிஎம் இலகு. மைலேஜ் ரெண்டிலும் எங்களுக்கு 26-க்கும் 30-க்கும் நடுவில் கிடைக்கிறது, மச்சான் ஓட்டினால் எதிலும் 24.

மனைவியோடு நீண்ட பயணம் போக?

ஹிமாலயன். இதில் யோசிக்கவே இல்லை. பின் சீட்டு அகலம், சஸ்பென்ஷன் மென்மை, இன்ஜின் நிதானம். கேடிஎம்மின் பின்னால் நூறு கிலோமீட்டர் உட்கார்ந்துவிட்டு என் வீட்டம்மா சொன்னது: “வண்டி நல்லாத்தான் இருக்குது. நீங்க தனியாப் போயிட்டு வாங்க.”

லடாக் போக எது?

மேலே ஏற ஏறக் காற்று மெலியும். 19,024 அடி உயரமுள்ள உம்லிங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். இன்ஜினுக்குக் காற்று குறைந்தால் பலமும் குறையும், அது 40 குதிரைக்கும் 46 குதிரைக்கும் ஒரே விகிதத்தில்தான் குறையும். ரெண்டும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் பழைய கார்புரேட்டர் வண்டிகள் போலத் திணறி நிற்காது. அங்கே உதவுவது தாழ்ந்த ஆர்பிஎம்மில் வரும் இழுவை, அதனால் ஹிமாலயனுக்கு ஒரு புள்ளி. பெரிய டேங்குக்கு இன்னொரு புள்ளி. மணாலியிலிருந்து லே போகும் வழியில் டாண்டி பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகையைப் படம் எடுக்காமல் வருகிறவர் யாருமில்லை. 17 லிட்டரில் அதைத் தைரியமாகத் தாண்டலாம். 14.5 லிட்டரிலும் கணக்குப்படி தாண்டலாம், ஆனால் கணவாய் ஏற்றத்தில் ஒன்றாவது ரெண்டாவது கியரிலேயே ஊர்ந்தால் கணக்கு பிசகும். கேனில் ஐந்து லிட்டர் கட்டிக்கொண்டு போனால் தொல்லையில்லை.

ஈரோட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே போக லீவு இல்லாதவர்கள் ரயில் பார்சலில் வண்டியை வடக்கே அனுப்பிவிடலாம். டேங்கைச் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் காலி செய்து, ஆர்.சி. நகலோடு கொடுக்க வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விலை?

வந்தபோது ஹிமாலயன் 450 எக்ஸ் ஷோரூம் 2.69 லட்சத்தில் ஆரம்பித்தது, 390 அட்வெஞ்சர் 3.68 லட்சம். கிட்டத்தட்ட ஒரு லட்சம் வித்தியாசம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு ஆகிவிட்டது, அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 31. ரெண்டுமே அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம். அதனால் பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை நம்பாதீர்கள், ஷோரூமில் ஆன் ரோடு விலையைத் தாளில் எழுதி வாங்குங்கள். வண்டி விலையோடு நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஹெல்மெட், முழங்கால் கவசத்தோடு பேண்ட், ஜாக்கெட், கணுக்காலைக் காக்கும் பூட்ஸ் என்று முப்பது நாற்பதாயிரம் போய்விடும். அந்த ஒரு லட்சத்தை மிச்சம் பிடித்தால் இதெல்லாம் அதிலேயே வந்துவிடும் என்பது என் வாதம். மச்சான் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கேடிஎம் திவாலாகிவிட்டது என்கிறார்களே?

ஆஸ்திரியாவில் உள்ள தாய்க் கம்பெனி 2024 நவம்பர் கடைசியில் கடன் சுமையால் நீதிமன்றத்துக்குப் போனது உண்மை. 2025 பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்கள் முப்பது விழுக்காட்டை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள், அதற்கான பணத்தோடு கைகொடுத்தது நம்மூர் பஜாஜ். 390 வகை வண்டிகள் புனேக்குப் பக்கத்தில் சாகனில் பஜாஜ் தொழிற்சாலையில்தான் உருவாகின்றன. ஆகவே நாளைக்கு உதிரிபாகமே கிடைக்காது என்று பயப்பட வேண்டியதில்லை.

ராயல் என்ஃபீல்டுக்கு வீடு சென்னை. 1955-இல் மெட்ராஸில் ஆரம்பித்த கதை. சின்ன ஊரில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு: அவசரத்துக்கு என்ஃபீல்டைத் தொட்டுப் பழகிய ஒரு மெக்கானிக் எந்த டவுனிலும் இருப்பார். என்ன, 450 அவர் பழகிய பழைய புல்லட் இல்லை. கூலன்ட் என்று ஒன்று இருக்கிறது என்பதை நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

காட்டுக்குள் ஓட்டலாமா?

கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வனச்சட்டப்படி குற்றம், வண்டியையே பிடித்துவைத்துக்கொள்வார்கள். இதுபோன்ற வண்டி வாங்கினவர்களுக்கு முதலில் வரும் ஆசை அதுதான், யானைக்கு நம் ஆசை தெரியாது. வறண்ட ஏரி நிலம், தோட்டத்து வண்டித்தடம், பழைய ஊர் மண் ரோடு என்று பழகுவதற்கு இடம் ஏராளம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது இளநீர் கிடைக்கவும் வாய்ப்புண்டு.

இதற்கு முன் 125 சிசி மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். நேராக இதை எடுக்கலாமா?

ரோட்டுக்கு எடுக்கலாம், ஹிமாலயன் பொறுமையான வண்டி. மண் பாதைதான் ஆசை என்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் மாதிரி இலகுவான ஒன்றில் ஒரு வருடம் விழுந்து எழுந்துவிட்டு வாருங்கள். எக்ஸ்பல்ஸ் 210-இன் எடை 168 கிலோ. பழைய எக்ஸ்பல்ஸ் 200 ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி, ஆசைதீரக் கீழே போட்டு, அதே விலையை ஒட்டி விற்றுவிடலாம். நின்றுகொண்டு ஓட்டுவது, பார்வையைத் தூரத்தில் வைப்பது, கிளட்சைப் பாதியில் பிடித்து ஊர்வது இதெல்லாம் அதில் சீக்கிரம் வரும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

வாங்கலாம். ஹிமாலயன் 450 இப்போது நிறைய விற்பனைக்கு வருகிறது, லடாக் ஆசையில் எடுத்து ஊட்டியோடு நிறுத்திக்கொண்டவர்கள் கொடுப்பது. முன் வீலைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா பாருங்கள். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பானரால் தட்டினால் ஒரே சுருதி வர வேண்டும், மந்தமாகக் கேட்பது தளர்ந்தது. ஃபோர்க் சீலில் எண்ணெய்க் கசிவு, ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருப்பது, ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் சிக்குவது இதெல்லாம் செலவு வைக்கும். ரேடியேட்டர் துடுப்புகள் நசுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக, வெட்கப்படாமல் தரையில் படுத்து இன்ஜினுக்கு அடியிலுள்ள சம்ப் கார்டைப் பாருங்கள். பெருந்துறையில் ஒருவர், “ஒரு நாள்கூட மண்ணுல இறக்குனதில்லைங், ஆபீஸ் போயிட்டு வந்ததோட சரி” என்றார். மேலே மெழுகு போட்டுப் பளபளவென்று இருந்தது. படுத்துப் பார்த்தேன். அடியில் ரெண்டு இடத்தில் கல் குத்திய பள்ளம், பின் ஷாக்கின் இடுக்கில் காய்ந்த செம்மண், அதில் சிக்கிய ஒரு துண்டுக் கரும்புச் சோகை. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, “உங்க ஆபீஸ் எங்கங்க?” என்று கேட்டேன். பதினைந்தாயிரம் குறைத்தார்.